அந்தக் காந்தத்தை நான் உடைக்கவில்லை

என் பிரிய மச்சான் சண்முகம்,

ஸலாம் சொல்வதா, வணக்கம் சொல்வதா என்று கடை வாசலில் நின்று என்னைச் சீண்டுவாயே, இரண்டையும் வைத்துக்கொள். நீ இருக்கிற இடத்தில் எது செல்லுமோ அதை எடு. 'இருக்கிற இடம்' என்று நான் எழுதியதைப் பார்த்து இப்போதே சிரித்திருப்பாய். சிரி. அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

நாலு பேர் படிக்கும்படியாகவே இதை எழுதுகிறேன். சாட்சி இல்லாமல் உன்னோடு பேசி நான் பட்டது போதும்.

முதலில் வீட்டுச் சேதி. உன் மகள் சுமதிக்கு ஆசிரியை நியமனம் கிடைத்துவிட்டது. பசறைப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்கிறாள். தோட்டத்து வாத்தியாராக இருந்த நீ வெண்கட்டிக் கையை வேட்டியில் துடைப்பாய், அவள் சேலையில் துடைக்கிறாள். போன கிழமை கடைக்கு வந்து பிளேன்டீ குடித்துவிட்டு, அப்பாவின் காந்தத்தைத் தரும்படி கேட்டாள். பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம். இத்தனை வருடமாக அது என் மரப்பெட்டகத்தில் கிடந்தது. எடுத்துக் கொடுத்தேன். அது கைவிட்டுப் போனதும் பழைய சந்தேகம் எழுந்து வந்து கல்லாப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. உன்னிடம் கேட்காமல் அது போகாது போலிருக்கிறது.

நான் எதையும் லேசில் நம்புகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். பதுளை பஜாரில் ஆணியும் தகரமும் விற்கிறவன் எப்படி நம்புவான்? நம்பியிருந்தால் எப்போதோ கடையைப் பூட்டியிருப்பேன். தராசைப் பார்ப்பதைவிடத் தராசு பிடிக்கிற கையைப் பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. உன் கட்சி வேறு. முள் எங்கே நிற்கிறதோ அதைச் சொல்லு, அதற்கு மேல் சொன்னால் அது கதை என்பாய். சனிக்கிழமைகளில் நீ பஸ்ஸில் பதுளைக்கு வந்து, நூலகத்தில் ஆங்கிலப் புத்தகம் மாற்றிக்கொண்டு, நேரே என் கடைக்கு வருவாய். ஆணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து, அந்த வாரம் படித்த பௌதிகத்தை என் தலையில் கொட்டுவாய்.

ஒருநாள் நமுனுகுல மலையை மூடுபனி மறைத்திருந்தது. மலை தெரியாதபோது மலை அங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்கிறாய் என்று கேட்டாய். பனியிலும் பஸ் சுற்றிக்கொண்டுதானே போகிறது என்றேன். அப்படியானால் நீ மலையைச் சொல்லவில்லை, பஸ் போகிற பாதையைத்தான் சொல்கிறாய் என்று மடக்கினாய். இன்னொரு நாள், அணுவுக்கு உள்ளே இருக்கிற துகள் யாராவது பார்க்கிறவரை இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்றாய். எங்கள் மொத்த வியாபாரியும் அப்படித்தான், போய்க் கேட்கிறவரை சரக்கு இருக்கிறது என்பான் என்றேன். நீ பெட்டியிலிருந்து விழுகிற மாதிரிச் சிரித்தாய்.

சந்திரனில் மனிதன் இறங்கிவிட்டான் என்று வானொலி சொன்ன வாரத்தில் நாம் கிட்டத்தட்டச் சண்டையே போட்டோம். பார்த்தது யார் என்று நான் கேட்டேன். நீ அளவு சொன்னாய், கணக்குச் சொன்னாய். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய் என்றேன். "தீர விசாரிச்சு முடிக்க ஒனக்கு ஆயுசு பத்தாது மச்சான்" என்றாய். கடைசியில் ஆயுசு பத்தாமல் போனது யாருக்கு என்று பார்.

எல்லாவற்றையும்விட நாம் அதிகம் மோதியது உயிரைப் பற்றித்தான். நீ பாடசாலைக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிவாய், ஒரு நீட்டுத் துண்டு. அதை ஆணிப் பெட்டிக்கு மேலே பிடித்து, இதற்கு வடக்கு ஒரு முனை, தெற்கு ஒரு முனை என்பாய். நடுவில் உடைத்தால் வடக்கு தனியாக வராது. இரண்டு துண்டுக்கும் வடக்கும் இருக்கும் தெற்கும் இருக்கும். அதுபோல உடம்பை விட்டு உயிர் மட்டும் தனியாக நிற்காது, பிரித்து எடுக்கிற சங்கதியே இல்லை என்பது உன் வாதம். நான் விடவில்லை. ரூஹு, நீ உயிர் என்கிறது, அல்லாஹ்வின் கையில் இருக்கிறது, ஆனால் அது பேயாக வந்து உடுக்குக்கு ஆடும் என்பதை மட்டும் நம்பமாட்டேன் என்றேன். உனக்கு உயிர் இல்லை, எனக்குப் பேய் இல்லை. இதை மறந்துவிடாதே, பின்னால் தேவைப்படும்.

அப்படி வந்ததுதான் அந்தப் பந்தயம். யார் முந்திப் போகிறாரோ அவர் வந்து சொல்ல வேண்டும். ஒரு வார்த்தையை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்றாய். முடியாது என்றேன். எனக்குத் தெரிந்த வார்த்தை என் முகத்தில் தெரியும், உடுக்கடித்துக் குறி சொல்கிற கோடாங்கி என் முகத்தைப் படித்தே சொல்லிவிடுவான். எனக்கும் தெரியாத ஒன்றாக இருக்க வேண்டும், உனக்கு மட்டும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை ஒரு பிஸ்கட் டின்னோடு வந்தாய். மூடியைச் சுற்றி ஈயம் வைத்துப் பற்றவைத்திருந்தாய். பற்றவைக்கிற இரும்பும் ஈயமும் என் கடையில் வாங்கியவைதான். ஆட்டிப் பார்த்தேன், சத்தமே வரவில்லை. துணியா, பஞ்சா என்று யோசித்தேன். யாருக்கும் தெரியாதே என்று மூன்றுதரம் கேட்டேன். யாருக்கும் தெரியாது என்று அடித்துச் சொன்னாய்.

வேறு கை படக்கூடாது என்று பெட்டகத்தில் வைத்துப் பூட்டினேன். ஆணி அடுக்குக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் அது தானாகவே தன்னைக் காட்டிக் கொடுத்திருக்கும். என் சந்தேகமே என் கண்ணை மறைத்தது.

பிறகு நீ போனாய். மழைக்காலக் காய்ச்சல் என்றார்கள். காலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து உன்னைப் பார்த்தேன், மாலையில் நீ இல்லை. பேச எவ்வளவோ இருந்தது. அந்தச் சனிக்கிழமையும் கடையைத் திறந்து, ஆணிப் பெட்டியை யாரும் உட்காராதபடி ஓரமாக நகர்த்தி வைத்தேன். சிரித்த ஆளிடம் எரிந்து விழுந்தேன். அழவும் செய்தேன், பார்த்தவர் யாரும் இல்லை.

உனக்குப் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். உனக்குத் தெரியுமா தெரியாதா என்பதுதானே கேள்வி, அதனால் தெரியாது என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

அது தோட்டத்து ஆட்கள் எல்லாரும் பிரஜாவுரிமைக்கு எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்த காலம். இந்தியாவுக்கு எழுதுவதா, இலங்கைக்கு எழுதுவதா என்று லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு அதே பேச்சு. உன் அண்ணன் கங்காணி இந்தியாவுக்கு என்று முடிவு செய்துவிட்டார். உன் பெண்சாதி பார்வதியையும் ஆறு வயதுச் சுமதியையும் தன் குடும்பத்தோடு சேர்த்தே எழுதுவது என்றும் முடிவு செய்துவிட்டார். அவர் கெட்டவர் இல்லை. தம்பி குடும்பத்தை நடுத்தெருவில் விட்டான் என்று ஊர் சொல்லக்கூடாது என்பது அவர் கவலை. ஆனால் எனக்கு அப்போது அவர் மேலும் சந்தேகம்தான். ஆடு நனைகிறது என்று ஓநாய் அழுத கதையோ என்று நினைத்தேன். பார்வதியிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

உன் காரியம் முடிந்து கொஞ்ச நாளில் கோடாங்கியை அழைத்தார்கள். நான் போகவில்லை, நாங்கள் போகிற இடமும் இல்லை அது. நடந்ததைப் பிறகு கேள்விப்பட்டேன். உடுக்கு அடித்து அருள் வந்ததும், நீ அவன் வாயால் பேசினாயாம். என் பிள்ளை இந்த மண்ணிலேயே படிக்க வேண்டும், பார்வதியைக் கடல் தாண்டிக் கொண்டுபோகாதே என்று அண்ணனிடம் சொன்னாயாம். கங்காணி லேசுப்பட்டவரா? பேசுவது என் தம்பிதான் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று கேட்டிருக்கிறார். அதற்கு, பதுளைக் கடை நானாவிடம், அதாவது என்னிடம், டின் இருக்கிறது, அதற்குள்ளே காந்தம் இருக்கிறது, இரண்டு துண்டாக உடைந்த காந்தம் என்று பதில் வந்ததாம். அப்படியென்றால் நானா டின்னைக் கொண்டுவரட்டும், ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் வெட்டிப் பார்ப்போம், சரியாக இருந்தால் தம்பி சொன்னபடியே ஆகட்டும் என்று கங்காணி முடிவு சொல்லிவிட்டார்.

இந்தச் சேதி வந்த மறுநாளே பார்வதி கடைக்கு வந்தாள். அதுவரை அவள் தனியாக என் கடைக்கு வந்ததில்லை. ஆணிப் பெட்டியில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நானா, அந்த டின்ல காந்தம்தான் இருக்கு. அவரு பத்த வைக்கிறப்ப குப்பி விளக்கப் புடிச்சுக்கிட்டு இருந்ததே நான்தான்" என்றாள்.

மச்சான், எனக்கு எப்படி இருந்திருக்கும்? பார்க்கிறவன் இல்லாமல் உலகம் உண்டா இல்லையா என்று வருடக்கணக்காக நாம் வாய் வலிக்கப் பேசினோமே. விளக்குப் பிடித்துக்கொண்டு பார்த்தவளை நீயும் கணக்கில் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. யாருக்கும் தெரியாது என்று நீ சத்தியம் மாதிரிச் சொன்னாயே, பெண்சாதி யாரும் இல்லையா? கோடாங்கியைச் சந்தேகித்தேன், கங்காணியைச் சந்தேகித்தேன், செத்த உன்னையும் சந்தேகித்தேன். அவளைச் சந்தேகிக்க எனக்குத் தோன்றவே இல்லை.

கோடாங்கிக்குச் சொல்லிக் கொடுத்தது நீங்கள்தானா என்று கேட்டேன். ஆமாம் என்றாள், ஒளிக்கவில்லை.

"நான் போகமாட்டேன்னு சொன்னா யாரு நானா கேப்பாங்க? செத்தவரு சொன்னாத்தான் கேப்பாங்க. எங்க அப்பா, ஆத்தா, அவரு, எல்லாரும் இங்கதான் கெடக்காங்க. நான் அந்த ஊரக் கண்டதே இல்ல."

அதற்குப் பிறகுதான் அவள் வந்த காரியத்தைச் சொன்னாள். அவள் கோடாங்கியிடம் காந்தம் என்று மட்டும்தான் சொல்லியிருக்கிறாள். உடைந்தது, இரண்டு துண்டு என்பதெல்லாம் அவனாகக் கூட்டியது. அவள் கண்ணால் கண்டது முழுக் காந்தம். ஞாயிற்றுக்கிழமை டின்னை வெட்டினால் முழுசாக இருக்கும், கோடாங்கி பொய்யன் ஆவான், இந்தியாவுக்கு எழுதிக் கொடுப்பார்கள். அதனால் நான் அதற்குள் டின்னைத் திறந்து, காந்தத்தை உடைத்து, மறுபடி ஈயம் வைத்துத் தர வேண்டும். "ஒங்க கடையில எல்லாச் சாமானும் இருக்கே நானா" என்றாள்.

ஆமாம், எல்லாச் சாமானும் இருந்தது. நான் மாட்டேன் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்தச் சில நாளும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெட்டகத்தைத் திறப்பேன், டின்னை எடுப்பேன், வைப்பேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் கைச்சுத்தத்தை எடைபோட்டவன், நானே தராசில் விரல் வைப்பதா? வைக்காவிட்டால் ஒரு பெண்ணும் பிள்ளையும் அறியாத தேசத்துக்குப் போக வேண்டும். அதைவிட இன்னொன்றும் இருந்தது. உன்னோடு போட்ட ஒரே பந்தயத்தை நானே கெடுத்துவிட்டால், உண்மையிலேயே நீ சொன்னாயா என்று பிறகு யாரிடம் போய்க் கேட்பேன்? நான் டின்னைத் தொடவில்லை. முழுக் காந்தம் வந்தால் எழுந்து நின்று, உயிரோடு இருக்கிற மனிதனாக அவளுக்காக வாதாடுவது என்று தீர்மானித்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறினேன்.

உன் வீட்டு வாசலில் இருபது முப்பது பேர் கூடியிருந்தார்கள். எனக்கு மட்டும் ஒரு நாற்காலி போட்டார்கள். ஈயத்தில் யாரும் கைவைக்கவில்லையே என்று கங்காணி டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைவிடப் பெரிய சந்தேகக்காரர் அவர். தேயிலை கவ்வாத்து வெட்டுகிற கத்தியை ஓரத்தில் செருகி, சுத்தியலால் தட்டித் தட்டி மூடியைக் கழற்றினார். உள்ளே டின்னின் அடியில் காந்தம் ஒட்டிக்கொண்டு கிடந்தது. அதனால்தான் ஆட்டினால் சத்தம் வரவில்லை.

"காந்தம்தான். ஆனா ஒடையாம முழுசா இருக்கே" என்றார் கங்காணி.

பார்வதி கண்ணை மூடிக்கொண்டாள். நான் நாற்காலியை விட்டு எழுந்தேன், பேசுவதற்கு வாயைத் திறந்தேன். கங்காணி காந்தத்தைப் பிடித்து இழுத்தார். பாதிதான் கையோடு வந்தது, மறுபாதி டின்னிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. உடைந்த வாய் இரண்டும் பொருந்தி, முழுசு போலத் தோற்றம் காட்டியிருக்கிறது. கோடாங்கியைப் பார்த்தேன், அவன் முகத்தில் இருந்தது பயம். அதை நான் கவனித்தேன், கவனிப்பது என் தொழில்.

கங்காணி என் பக்கம் திரும்பி, இது உடைந்திருந்தது யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். நானும் உன்னைப் போல முள் நிற்கிற இடத்தை மட்டும் சொன்னேன்.

"ஒடஞ்சிருந்தது எனக்குத் தெரியாது கங்காணி. தெரிஞ்ச ஆளு ஒருத்தரையும் நான் காணவும் இல்ல. சொன்னதும் ரெண்டு துண்டு, இருந்ததும் ரெண்டு துண்டு. நான் சொல்ல ஏலுமானது அவ்வளவுதான். ஆனா செத்தவன்கிட்டக் கேட்டீங்களே, பார்வதிக்கு என்ன விருப்பம்னு ஒருக்கா அவகிட்டயும் கேளுங்க."

அவர் கேட்டார். "நான் இங்கயே இருக்கேன் மாமா, எம்புள்ளையும் இங்கதான்" என்றாள் பார்வதி. அவ்வளவு பேர் முன்னால் அவள் குரலை நான் கேட்டது அன்றுதான். கங்காணி காந்தத்தை என்னிடமே திருப்பித் தந்து, கத்தியைத் துண்டில் சுற்றிக்கொண்டு, சரி என்று தலையை ஆட்டினார். பிறகு அவர் குடும்பத்தோடு கப்பலேறி, இப்போது நீலகிரிப் பக்கம் இருக்கிறார். அங்கேயும் தேயிலை, அங்கேயும் குளிர் என்று சுமதிக்கு எழுதுவார். இலங்கைக்கு எழுதிக் கொடுத்ததால்தான் இன்று சுமதிக்கு அரசாங்க நியமனம் கிடைத்தது.

கதை இத்தோடு முடிந்திருந்தால் நான் உனக்கு எழுதவே மாட்டேன். அன்று பஸ் நிறுத்தம்வரை பார்வதி கூட வந்தாள். "நல்ல கை நேர்த்தி நானா. ஒட்டுன எடமே தெரியல" என்றாள் மெதுவாக. நான் உடைக்கவில்லை என்றேன். அல்லாஹ் மேல் ஆணையிட்டேன். "சரி நானா, நீங்க ஒடைக்கல" என்று சின்னப் பிள்ளையைச் சமாதானம் செய்கிற மாதிரிச் சொல்லிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் எனக்குச் சர்க்கரைப் பொங்கல் வருகிறது. முந்திரி எல்லாம் என் பங்கில்தான். நான் செய்யாத திருட்டுக்கு நன்றி அது. நானும் வருடாவருடம் மறுக்கிறேன், வருடாவருடம் சாப்பிடுகிறேன். எல்லாரையும் சந்தேகித்தவனை ஒருத்தி சந்தேகிக்கிறாள், அதுவும் அன்பாகச் சந்தேகிக்கிறாள். இதற்கு மருந்து இல்லை.

நீதான் சொல்ல வேண்டும் மச்சான். டின்னுக்குள் வைக்கிறபோதே அது உடைந்து ஒட்டியிருந்ததா? அப்படித்தான் இருக்கும், குப்பி விளக்கு வெளிச்சத்தில் அம்மாவுக்கு முழுசாகத் தெரிந்திருக்கும் என்கிறாள் சுமதி. சரி, உடைந்தது உனக்கு மட்டும்தான் தெரியும். அப்படியானால் கோடாங்கிக்கு யார் சொன்னது? அவனைப் பஜாரில் பிடித்து, தேநீர் வாங்கிக் கொடுத்து விசாரித்தேன். "ஒன்னுன்னு சொல்லத்தான் போனேன் நானா. வாயில ரெண்டுன்னு வந்துருச்சு" என்றான். அதற்குப் பிறகு அவன் உடுக்கைத் தொடவில்லை என்று கேள்வி. வாய் தவறியதா? இல்லை, அண்ணன் மனதை அறிந்து நீயே உயிரோடு இருக்கும்போது அவனிடம் சொல்லிவைத்தாயா? விளக்குப் பிடிக்க அவளை அழைத்ததும் தெரிந்துதானா? உன்னை நான் அவ்வளவு தூரம் சந்தேகிக்கிறேன். அதுவும் இல்லை, நீதான் பேசினாய் என்றால், உயிர் தனியாக நிற்காது என்ற நீயும் தோற்றாய், பேய் பேசாது என்ற நானும் தோற்றேன். ஜெயித்தது பார்வதி மட்டும். அவளோ இரண்டையும் நம்பவில்லை, என்னைத்தான் நம்புகிறாள்.

போன கிழமை சுமதி காந்தத்தை எடுத்துக்கொண்டு புறப்படும்போது, "உண்மையச் சொல்லுங்க மாமா, நீங்கதான ஒடைச்சீங்க?" என்று கேட்டாள். கேட்டபோது அவள் முகம் அப்படியே உன் முகம். இல்லை மகள் என்றேன். அவளும் நம்பவில்லை.

ஆகவே உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எந்த உடுக்கு வழியாகவும் உன்னைக் கூப்பிடமாட்டேன். என் நேரம் வந்ததும் நானே வருவேன். வந்ததும் முதலில் ஸலாம், பிறகு வணக்கம், அதற்குப் பிறகு இந்த ஒரு கேள்வி. அதுவரை இங்கே உண்மையைச் சொல்லிக்கொண்டே இருப்பேன், நம்புகிறவர் ஒருவரும் இல்லாவிட்டாலும். அங்கே நீயாவது எனக்குச் சாட்சி சொல்ல வேண்டும், அதற்காகவாவது இரு.

உன் பெண்சாதிக்கு நானா, உன் மகளுக்கு மாமா,
உனக்கு என்றைக்கும் மச்சான்,
பதுளைக் கடை ஜமால்தீன்